52 காகித முக்கோணங்கள்

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது வெட்டுமா?"

வெட்டாது. நகோயாவில் நான் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டின் உள்சுவரில் ஏழு வாள்கள் படுத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஒரு வெள்ளரிக்காயை நறுக்காது. துத்தநாகக் கலவையை வார்த்து, மேலே முலாம் பூசிய அலகுகள் அவை. வெட்டுவாய் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினால் கரண்டியின் ஓரம்போல மழுங்கலாக இருக்கும். இவற்றுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் மொகிதோ. சட்டப் புத்தகத்தில் மொஸோதோ. இரண்டுக்கும் பொருள் போலி வாள் என்பதே.

அந்தப் பெயரைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அலகு போலி. உறையின் மினுமினுப்பு அரக்கு அல்ல, பெயிண்ட். பிடியில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் திருக்கை மீனின் தோல் அல்ல, பிளாஸ்டிக். ஆனால் அந்தப் புள்ளிகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறதே ஒரு நாடா, அது போலி அல்ல. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, முறுக்கி, இடம் வலம் மாற்றிப் போட்டுச் சுற்றியது அது. நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாமுராயின் வாளுக்கு எப்படிச் சுற்றினார்களோ, கை அசைவு அதேதான். ஆகவே கேட்பவரின் கவனத்தை அலகிலிருந்து பிடிக்குத் திருப்புவேன். "வெட்டாது. இங்கே பாருங்கள்."

என்னிடம் இருக்கும் ஏழின் நாடாக்கள்: கருப்பு, பழுப்பு, சிவப்பு, துளிர்ப் பச்சை, ஊதா, இரண்டு கருநீலம். அந்த இரண்டாவது கருநீலம் முன்பு வெள்ளையாக இருந்தது. இந்தப் பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் சட்டம். அதைச் சொல்லாமல் யாரையும் இந்தப் பழக்கத்துக்குள் இழுக்க எனக்கு மனம் வராது. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எஃகால் அடித்த உண்மையான வாள் என்றால் அதற்கு மாநிலக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சான்று கூடவே இருக்க வேண்டும். வாங்கியவர் 20 நாளுக்குள் அந்த வாரியத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். போலி வாளுக்குப் பதிவு இல்லை. வீட்டில் எத்தனை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் தக்க காரணமின்றி வெளியே கொண்டுபோவது குற்றம், 2 லட்சம் யென் வரை அபராதம். வாங்கிய அன்று வீட்டுக்குக் கொண்டுவருவது தக்க காரணம். பூங்காவில் படம் எடுத்துக்கொள்ள இடுப்பில் செருகிப் போவது அப்படியல்ல. நான் எப்போதும் துணியில் சுற்றி, மேலே இன்னொரு பையில் போட்டுக் கட்டி, ரசீதைப் பையிலேயே வைத்துக்கொள்வேன். பழைய பொருள் சந்தைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தமும் இருக்கும். அலகில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டுகிறது, பதிவுச் சான்று இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நடக்க வேண்டும்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாளெல்லாம் வெர்னியர் கருவியும் கையுமாக இருப்பவள். முதல் வாளை வாங்கியது ஓசு கன்னோன் கோயில் வளாகத்தில். மாதந்தோறும் 18, 28 ஆகிய இரண்டு நாள்களில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். தேநீர்க் கிண்ணங்களுக்கும் பழைய கிமோனோக் குவியலுக்கும் நடுவே ஒரு பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நாடா. அதை வாள் என்று நான் பார்க்கவே இல்லை. முதலில் கண்ணில் பட்டது இடைவெளிகள். நாடா குறுக்கிடும் இடங்களுக்கு நடுவே விட்ட சாய்சதுரங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவில். வெர்னியர் கையில் இல்லை. பையில் இருந்த சிறு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முதல் சாய்சதுரத்துக்கும் கடைசிக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடுகூட இல்லை. இயந்திரம் வெட்டித் தள்ளும் வளையங்களிலேயே அதைவிடப் பெரிய வேறுபாட்டை அந்த வாரம் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தேன். இதைக் கையால் செய்தவர் யார் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. 4,000 யென் கொடுத்து வாங்கிவந்தேன்.

பிடியைச் சுற்றும் இந்தக் கலைக்கு ட்சுகாமாகி என்று பெயர். ட்சுகா என்றால் பிடி, மாகி என்றால் சுற்று. நாடாவுக்கு ட்சுகாஇத்தோ. பட்டு, பருத்தி, தோல், செயற்கை இழை என்று பல வகை உண்டு. நீண்ட வாளின் பிடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் நாடா போகும். மேலோட்டமாகப் பார்த்தால் காலணிக் கயிறு கட்டுவதுபோலத் தோன்றும். நாடாவின் நடுப்பகுதியை, அலகுக்கும் பிடிக்கும் நடுவே இருக்கும் காப்புத் தட்டை ஒட்டிய உலோக வளையத்தின் அருகே வைத்து, இரண்டு முனைகளையும் இருபுறமும் கொண்டுவந்து, ஒரு முகத்தில் குறுக்கிட்டு, வாளைத் திருப்பி மறு முகத்தில் குறுக்கிட்டு, கடைசியில் பிடியின் தலைக்குமிழில் முடிச்சிட வேண்டும். அவ்வளவுதான் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

குறுக்கிடும் இடத்தில் நாடாவைத் தட்டையாகவே விட்டால் அது ஹிராமாகி. இரண்டு இழைகளையும் அந்த இடத்தில் முறுக்கிக் கூம்பாக எழுப்பினால் ஹினேரிமாகி. கைக்குள் அந்த முகடுகள் பிடிமானம் தரும். ஹினேரிமாகியில் ஒரு விதி உண்டு: ஒரு முடிச்சில் இடது இழை மேலே போனால் அடுத்ததில் வலது மேலே போக வேண்டும், அதற்கடுத்ததில் மறுபடி இடது. எல்லா முடிச்சிலும் ஒரே பக்கம் மேலே போயிருந்தால் சுற்றியவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். அலங்கார வாள் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் சோதனை இதுதான். அலகைப் பார்க்க வேண்டாம். காப்புத் தட்டில் டிராகன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். முடிச்சுகளை மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வாருங்கள்: இடம், வலம், இடம், வலம். பிறகு கட்டைவிரலால் ஒரு முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

நிறங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் விழுந்தது அங்கேதான். கடைகளில் சிவப்பும் ஊதாவும் தங்க நிறமுமாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்து, சாமுராய்கள் எல்லோரும் இப்படித்தான் வண்ண வண்ணமாகத் திரிந்தார்கள் என்று நினைத்திருந்தேன். எடோ காலத்தில் (1603–1868), நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் கோட்டைக்குப் போகும்போது அணியும் வாளுக்கு நிறமே கிடையாது. உறை பளபளக்கும் கருப்பு. நாடா கருப்பு. அதன் இடைவெளியில் தெரியும் திருக்கைத் தோல் மட்டும் வெள்ளை. தலைக்குமிழ்கூட மெருகேற்றிய கருங்கொம்பு. நகோயாவிலிருக்கும் தொகுகாவா அருங்காட்சியகத்தில் ஓவாரித் தொகுகாவா குடும்பத்தின் உடைமைகள் இருக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் வாள்களின் வெளிப்பூண்கள் முன்னால்தான் என் நேரம் கழியும். வண்ணம் என்பது அரண்மனைக் கடமை முடிந்த பிறகு மனிதன் தனக்காக வைத்துக்கொண்டது என்று எனக்கு அங்கே தோன்றியது. அதனால் என் கருப்பு நாடா வாளை மற்ற ஆறுக்கும் மேலே மாட்டியிருக்கிறேன். கீழே உள்ளவை அதன் ஓய்வு நாள்கள்.

கருநீலத்துக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. அவுரியில் மறுபடி மறுபடி தோய்த்து ஏறக்குறைய கருப்பாகும் வரை ஏற்றிய நீலத்தைக் காச்சி நிறம் என்பார்கள். காச்சி என்ற ஒலிக்கே வெற்றி என்ற பொருளும் உண்டு. போருக்குப் போகிறவர்கள் அந்த நிறத்தை விரும்பியதற்கு அந்த ஒலி போதுமானதாக இருந்தது. சொல்லின் ஒலிக்குள் நல்ல சகுனம் தேடும் மனம் நமக்குப் புதிதா என்ன?

இந்த நாடாக்களைப் பின்னும் கலை குமிஹிமோ. 1876-இல் மெய்ஜி அரசு வாள் அணிவதைத் தடை செய்தபோது, வாளுக்கு நாடா பின்னியவர்களின் பிழைப்பு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அந்தக் கைகள் கிமோனோவின் இடுப்புப்பட்டைக்கு மேல் கட்டும் ஓபிஜிமே என்ற கயிற்றின் பக்கம் திரும்பின. நகோயாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத இகா நகரில் இன்றும் அந்தப் பின்னல் நடக்கிறது. கடையில் ஒரு ஓபிஜிமேயை எடுத்து இழுத்துப் பார்த்தேன். சற்றே நெகிழ்ந்து, பிறகு இறுகி நிற்கும் அந்தப் பிடிவாதம் வாள் நாடாவினுடையதேதான்.

இனிப் பராமரிப்பு. அலகைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். படங்களில் வெள்ளைப் பஞ்சு உருண்டையால் வாளைத் தட்டுவார்களே, அது உச்சிகோ. மெருகுக் கல்லின் நுண்பொடி. எஃகு வாளில் பழைய எண்ணெயை எடுக்க அது பயன்படும். முலாம் பூசிய போலி அலகில் தட்டினால் கீறல்தான் மிஞ்சும். மென்மையான துணியால் துடைத்து, கிராம்பு மணக்கும் சோஜி எண்ணெயை ஒரே ஒரு துளி பரப்பி, உடனே இன்னொரு துணியால் எடுத்துவிட்டால் போதும். வெறும் விரலால் தொடக் கூடாது. எண்ணெய் நாடாவில் படக் கூடாது. உறையிலிருந்து எடுக்கும்போது வெட்டுவாய்ப் பக்கம் மேலே இருக்கட்டும். முதுகுதான் மரத்தில் உரச வேண்டும். பிடிக்குள் அலகைப் பிடித்துவைத்திருக்கும் மூங்கில் ஆணியை மாதம் ஒருமுறை பாருங்கள், விரிசல் இருக்கிறதா என்று. விரிசல் இல்லாவிட்டாலும் அலங்கார வாளை ஒருபோதும் வீசாதீர்கள். வார்ப்பு உலோகம் பிடிக்குள்ளேயே முறியும். முறிந்த அலகு எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. இதை நான் குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு முறை சொல்வேன்.

நாடாவுக்கு எதிரிகள் மூன்று: வெயில், வியர்வை, தண்ணீர். மூன்றிலும் நான் பாடம் கற்றேன், மூன்றுக்கும் விலை கொடுத்தது வாள்கள்.

ஊதா வாளைக் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். காலை வெயில் அதன் மேல் விழும் அழகுக்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கோடைகள். ஒரு நாள் தூசி தட்ட எடுத்துத் திருப்பியபோது கை அப்படியே நின்றுவிட்டது. சுவர்ப் பக்கம் இருந்த முகம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வெயில் பட்ட முகம் சாம்பல் கலந்த ஏதோ ஒன்று. ஒரே நாடா, 8 மில்லிமீட்டர் அகலம், ஒரு ஓரத்தில் ஊதாவாகப் புறப்பட்டு மறு ஓரத்தில் வெளிறி முடிந்தது. நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வெளுப்பது தெரியவே இல்லை. இப்போது எல்லா வாள்களும் ஜன்னல் இல்லாத உள்சுவருக்கு வந்துவிட்டன. ஊதாவின் நாடாவை மாற்றவில்லை. நல்ல முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்திருக்கிறேன். அந்த நிறம் இன்னும் சில ஆண்டுகள் இருக்கட்டும்.

வியர்வையின் வேலை மெதுவானது. கையின் எண்ணெய் முடிச்சுகளின் முகட்டில் முதலில் படிந்து, வெளிர் நாடாவைக் கருக்கச் செய்யும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது உறையைப் பிடித்துத் தூக்குங்கள். தூசிக்கு நான் பயன்படுத்துவது முகப்பூச்சுக்கான அகலமான தூரிகை. சாய்சதுரங்களுக்குள் அது இதமாக இறங்கும். ஜூனில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை ட்சுயு மழை பெய்யும் வாரங்களில் ஈரம் உறிஞ்சும் கருவியை அறையில் ஓட விடுவேன். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவைக்க வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தில் ஹீட்டரின் காற்று நேராக விழும் இடமும் ஆகாது. மர உறை சுருங்கி, வாயில் விரிசல் விடும்.

தண்ணீரின் கதைக்கு வருகிறேன்.

அதே ஓசு சந்தையில், மூன்றாண்டுகளுக்குப் பிறகு, ஒரு மூதாட்டி விரித்திருந்த பாயில் வெள்ளை நாடா வாள் ஒன்று கிடந்தது. அவருடைய மாமனார் வரவேற்பறை மாடத்தில் வைத்திருந்ததாம். "என் பிள்ளைகளுக்கு வேண்டாமாம். உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார். "இந்தச் சுற்றுக்காக" என்று பிடியைக் காட்டினேன். அவர் அதை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஐம்பது வருடமாகத் துடைத்திருக்கிறேன், இதைப் பார்த்ததே இல்லையே" என்றார். 3,000 யென்னுக்குக் கொடுத்தார். துணிப்பையையும் சேர்த்துக் கொடுத்தார்.

வெள்ளை என்று நான் சொன்னாலும் அது தேநீர்க் கறை நிறத்துக்கு வந்திருந்தது. பருத்திதானே, பருத்தியைத் துவைக்கலாம் என்று நினைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத் தூளைக் கொஞ்சம் கரைத்து, பல் துலக்கும் தூரிகையால் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். அழுக்கு உண்மையாகவே வந்தது. முகடுகள் வெளுத்தன. மகிழ்ச்சியோடு காயவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் முடிச்சுகள் சரிந்திருந்தன. வரிசையாகக் கூம்பி நின்றவை, தலை தொங்கிப்போய்ப் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து கிடந்தன. உள்ளிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து இழைகளில் ஏறியிருந்தது. கட்டைவிரலால் தொட்டேன். நாடா மொத்தமாக வழுக்கியது.

ஒரு வாரம் அதை அலமாரிக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, தலைக்குமிழின் முடிச்சை ஊசியால் தளர்த்தி, சுற்றைப் பிரிக்கத் தொடங்கினேன்.

முதல் முடிச்சின் அடியிலிருந்து ஒரு காகிதத் துண்டு விழுந்தது. நகத்தைவிடச் சற்றுப் பெரியது. முக்கோணமாக மடிந்திருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு குறுக்கீட்டின் இருபுறமும், நாடா மடியும் இடத்தின் கீழே, ஒன்றொன்று. ஹிஷிகாமி என்று இதைப் படித்திருக்கிறேன். முடிச்சுக்கு வடிவம் கொடுப்பதும், அதைச் சரியவிடாமல் தாங்குவதும் இந்தக் காகித முக்கோணங்களே. விலை உயர்ந்த வாள்களுக்கு மட்டும்தான் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அவற்றைக் கூழாக்கிவிட்டது, பசையைக் கரைத்துவிட்டது. முடிச்சுகள் சரிந்தது அதனால்தான்.

ஒரு முகத்துக்கு 13 குறுக்கீடுகள். இரண்டு முகத்துக்கும் 26. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 52 முக்கோணங்கள். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். மூன்று உருத்தெரியாமல் போயிருந்தன. மீதி 49-இல் பலவற்றில் அச்சு தெரிந்தது. ஒன்றில் 17 என்ற எண். ஒன்றில் சிவப்பு மையில் 3. இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் எழுத்தின் மேல் பாதி. யாரோ ஒரு பழைய நாள்காட்டித் தாளை வெட்டியிருக்கிறார்கள்.

வெகுநேரம் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த வாளின் திருக்கைத் தோல் பிளாஸ்டிக். அலகு வார்ப்பு. வாங்குகிறவர் மாடத்தில் வைத்துத் தூசி தட்டப்போகும் பொருள். காகிதம் வைக்காமல் சுற்றியிருந்தாலும் விற்றிருக்கும், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் ஒருவர் தீர்ந்துபோன மாதத்தின் தாளைக் கிழித்து, 52 துண்டுகள் வெட்டி, 52 முறை மடித்து, 52 முறை இடம் பார்த்து வைத்து, அதன் மேல் நாடாவை மூடியிருக்கிறார். தொழிற்சாலையில் நான் பரிசோதிக்கும் பாகங்களில் யாரும் பார்க்காத பக்கங்கள் எவ்வளவோ உண்டு. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது அந்தப் பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடாவை மறுபடி சுற்ற வேண்டும், அதை நானே சுற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். கலையைப் பார்க்க செகி நகருக்குப் போனேன். கிஃபு மாநிலத்திலிருக்கும் செகி, காமகுரா காலத்திலிருந்து (1185–1333) வாள் அடிக்கும் ஊர். இன்று சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பெயர் பெற்றது. அங்கே வாள் கொல்லர் மரபுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. குறிப்பிட்ட ஞாயிறுகளில் வாள் அடிப்பதைச் செய்துகாட்டுவார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தீப்பொறி பறக்கும் உலைக்கு முன்னால் கூடினார்கள். அதே வளாகத்தில் பிடி சுற்றுகிறவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் அவர் கைகளுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அவர் நாடாவை இழுக்கும்போது தோள் அசையவில்லை, மணிக்கட்டும் அசையவில்லை. முதுகு முழுவதும் ஒரு விரல்கடை பின்னால் சாய்ந்தது. அப்படி இழுப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. என் அப்பா நாடாக் கட்டில் பின்னும்போது, சட்டத்தில் ஒரு காலை ஊன்றி, இப்படித்தான் முதுகால் இழுப்பார். "கையால் இழுத்தால் கை ஓய்ந்ததும் நாடா ஓயும்" என்பார்.

செகியிலிருந்து வந்ததும் 8 மில்லிமீட்டர் கருநீலப் பருத்தி நாடா 4 மீட்டர் வாங்கினேன். ஏன் வெள்ளை இல்லை என்றால், வெள்ளையை நான் கெடுத்துவிட்டேன். அதே நிறத்தை மறுபடி போட்டு நடந்ததை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பசைக்கு இருபக்க ஒட்டுநாடாவைப் பலரும் பயன்படுத்துகிறார்கள், எளிதும்கூட. நான் சோற்றுப் பசையே வைத்தேன். வெந்த பருக்கைகளைப் பலகையில் போட்டு மட்டக்கம்பால் நசுக்கி நசுக்கி இழுத்தால் கண்ணாடிபோல ஒரு பசை வரும். வாள் உறையின் இரண்டு மரப் பாதிகளையும் ஒட்டுவதற்கு இதைத்தான் பயன்படுத்துவார்கள், என்றாவது பிளந்து சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் மரம் சிதையாமல் பிரிய வேண்டும் என்பதற்காக. பிரிக்க முடிகிற பசை. இன்னொருவர் ஒரு நாள் பிரிப்பார் என்று எண்ணி ஒட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் முயற்சி ஆறு மணி நேரம். எட்டாவது குறுக்கீட்டில் இடமும் வலமும் மாறிவிட்டதைப் பதினோராவதில்தான் கண்டேன், பிரித்தேன். இரண்டாவது முயற்சி விதிப்படி முடிந்தது, ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் நகர்ந்தது, அதையும் பிரித்தேன். மூன்றாவது முயற்சிக்கு முன் வாஷி என்ற ஜப்பானியக் கைத்தாளில் புதிய தாள் ஒன்றை எடுத்து, அதில் பென்சிலால் வரிசை எழுதிவைத்துக்கொண்டேன்: 1 இடம், 2 வலம், 3 இடம் என்று 13 வரை, இரண்டு முகங்களுக்கும். ஒவ்வொரு குறுக்கீட்டையும் முடித்ததும் துணி காயவைக்கும் கிளிப்பால் அழுத்திப் பிடித்து, அப்பா சொன்னபடி முதுகால் இழுத்தேன். பாதி வழியில், நான் வெட்டிவைத்திருந்த புதிய முக்கோணங்கள் தீர்ந்துவிட்டன. முந்தைய முயற்சிகளில் நசுங்கியவற்றை மறுபடி வைக்க முடியாது. கடை மூடியிருந்தது. நாடாவை விட்டுவிட்டு எழுந்தால் இறுக்கம் போய்விடும். பக்கத்தில் இருந்த ஒரே வாஷித் தாள் நான் வரிசை எழுதிய தாள். வரிசை அதற்குள் கைக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு கையால் பிடியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, மறு கையால் அந்தத் தாளையே வெட்டினேன்.

முடித்தபோது இரவு ஒன்றரை மணி. தலைக்குமிழின் இரண்டு முடிச்சுகளில் ஒன்று இன்னும் கொஞ்சம் பருத்துத்தான் இருக்கிறது. காலையில் வெர்னியரை வைத்து அளந்தேன்: மிகப் பெரிய சாய்சதுரத்துக்கும் மிகச் சிறியதற்கும் 1.4 மில்லிமீட்டர் வேறுபாடு. முதன்முதலில் வாங்கிய பழுப்பு வாளின் அரை மில்லிமீட்டருக்கு நான் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனால் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை.

பழைய 49 முக்கோணங்களை ஒரு காகித உறையில் போட்டு, மூதாட்டி கொடுத்த துணிப்பைக்குள் வைத்திருக்கிறேன். வாள் சுவரில் இருக்கிறது, கருப்புக்கு நேர் கீழே. தலைக்குமிழிலிருந்து எண்ணினால் மூன்றாவது முடிச்சின் வலப்பக்கத்தில், நாடாவுக்கு அடியில், பென்சிலால் எழுதிய ஒரு "வ" இருக்கிறது.